வாக்காளரின் கண்ணும் கணினியின் கணக்கும்: டார்ம்ஸ்டாட் ஆய்வுகள் எழுப்பும் கேள்வி

கணினி வழியே வாக்களிக்கும் ஒருவர், தனது வாக்கு தான் எண்ணியபடியே பதிவாகியிருக்கிறது என்பதைத் தானே உறுதிசெய்துகொள்ள முடியுமா? முடியும் என்கிறது கணிதம். ஆனால் உண்மையான மனிதர்கள் உண்மையான திரையின் முன் அமரும்போது அதைச் செய்கிறார்களா என்பது வேறொரு கேள்வி. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் பல ஆண்டுகள் நடைபெற்ற ஆய்வுகள் இந்த இரண்டாவது கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டன. அவற்றின் முடிவுகள் ஜெர்மனிக்கு மட்டுமன்றி, மின்னணு இயந்திரங்களில் வாக்களிக்கும் இந்திய வாக்காளர்களுக்கும், இணைய வாக்களிப்பைப் பரீட்சித்துவரும் சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளில் குடியுரிமை பெற்று வாழும் தமிழர்களுக்கும் நேரடியாகப் பொருந்துபவை.

ஃபிராங்க்ஃபர்ட்டுக்குத் தெற்கே, ஹெஸ்ஸ மாநிலத்தில் அமைந்துள்ள டார்ம்ஸ்டாட், 'அறிவியல் நகரம்' என்ற பட்டத்தை அதிகாரபூர்வமாகத் தாங்கிய ஊர். ஐரோப்பிய விண்வெளி முகமையின் செயற்பாட்டு மையம் இங்குதான் உள்ளது. 1877ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் இங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கணினிப் பாதுகாப்பு ஆய்வில் ஐரோப்பாவின் முக்கிய மையங்களில் ஒன்றாக விளங்குகிறது. 2008ஆம் ஆண்டில் ஹெஸ்ஸ மாநில அரசின் நிதியுதவியுடன் 'கேஸ்ட்' எனப்படும் உயர் பாதுகாப்பு ஆய்வு மையம் இங்கு தொடங்கப்பட்டது. அதில் பணியாற்றிய கணினி அறிவியலாளர் மெலனி ஃபோல்காமர், பாதுகாப்பு, பயன்படுத்தும் எளிமை, சமூகம் ஆகிய மூன்றையும் இணைத்து ஆராயும் குழுவொன்றை அமைத்து, 2018ஆம் ஆண்டில் கார்ல்ஸ்ரூஹ நகருக்கு இடம்பெயரும்வரை அதை வழிநடத்தினார்.

நீதிமன்றம் வகுத்த அளவுகோல்

இந்த ஆய்வுகளின் பின்னணியில் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. 2005ஆம் ஆண்டு செப்டம்பரில் நடைபெற்ற ஜெர்மன் நாடாளுமன்றத் தேர்தலில், ஹெஸ்ஸ உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் ஏறத்தாழ 20 லட்சம் வாக்காளர்கள், நெதர்லாந்தின் நேடாப் நிறுவனம் தயாரித்த மின்னணு இயந்திரங்களில் வாக்களித்தனர். இதை எதிர்த்து இயற்பியலாளர் உல்ரிஷ் வீஸ்னரும் அவரது தந்தையும் அரசியல் அறிவியலாளருமான யோஆகிம் வீஸ்னரும் முறையிட்டனர்.

இதற்கிடையே, 2006ஆம் ஆண்டு அக்டோபரில் நெதர்லாந்தில் ராப் கோங்ரைப் உள்ளிட்ட ஆர்வலர்கள், அதே நிறுவனத்தின் இயந்திரத்தில் உள்ள மென்பொருளை மாற்றிவிட முடியும் என்பதைச் செய்து காட்டினர். இயந்திரத்தைச் சதுரங்கம் ஆடவும் வைத்தனர். வாக்குகளை எண்ணும் இயந்திரம் என்பது, எதை வேண்டுமானாலும் செய்யக்கூடிய ஒரு கணினிதான் என்பதைப் பொதுமக்களுக்கு உணர்த்துவதே அதன் நோக்கம். 2008ஆம் ஆண்டில் நெதர்லாந்து காகிதச் சீட்டுக்கே திரும்ப முடிவெடுத்தது.

2009ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் தேதி, ஜெர்மனியின் கூட்டாட்சி அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தலின் முக்கியமான படிகள் ஒவ்வொன்றையும், முடிவு கணிக்கப்படும் முறையையும், சிறப்புத் தொழில்நுட்ப அறிவு ஏதுமில்லாத ஒரு குடிமகன் நம்பகமாகச் சரிபார்க்க இயல வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். இயந்திரங்களை அனுமதித்த அரசாணை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று நீதிமன்றம் அறிவித்தது. எனினும், தவறு நடந்ததற்கான சான்று இல்லை என்பதால் 2005 தேர்தல் செல்லாது என்று அறிவிக்கவில்லை. மின்னணுக் கருவிகளை முற்றாகவும் தடுக்கவில்லை. சரிபார்க்கும் வழி இருந்தால் அவை அனுமதிக்கப்படலாம் என்று கதவைத் திறந்தே வைத்தது.

நிபுணர்களின் சான்றிதழ் போதாது. சாதாரண மனிதனின் கண்ணுக்கும் அறிவுக்கும் எட்ட வேண்டும் என்ற இந்த அளவுகோல், கணினி அறிவியலாளர்களுக்குப் புதிய சவாலாக அமைந்தது.

நெறிமுறையில் விடுபட்ட மனிதன்

இரண்டு கணினிகள் எந்த வரிசையில், எந்தத் தகவல்களைப் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்று வகுக்கும் விதித்தொகுப்பையே கணினித் துறையில் நெறிமுறை என்கிறார்கள். ஒரு நெறிமுறை பாதுகாப்பானது என்று நிரூபிக்கப்படும்போது, அதில் பங்குபெறும் ஒவ்வொருவரும் விதித்ததை விதித்தபடி செய்வார்கள் என்று கொள்ளப்படுகிறது. கணினி அவ்வாறு செய்யும். மனிதன் செய்வானா?

இந்தக் கவலை புதியதல்ல. 1883ஆம் ஆண்டிலேயே, இராணுவச் சங்கேத முறைகளுக்கு ஆறு நிபந்தனைகளை வகுத்த ஒகுஸ்த் கெர்க்காஃப்ஸ், பயன்படுத்துவதற்கு எளிதாகவும் மனதுக்குச் சுமை தராததாகவும் இருக்க வேண்டும் என்பதை அவற்றுள் ஒன்றாக வைத்தார். 1999ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆல்மா விட்டன், டக் டைகர் ஆகிய இருவரும் நடத்திய ஆய்வு அவரது கவலையை மெய்ப்பித்தது. மின்னஞ்சலைச் சங்கேதமாக்கி அனுப்பும் ஒரு மென்பொருளை 12 பேரிடம் கொடுத்து 90 நிமிட அவகாசம் அளித்தபோது, மூன்றில் ஒரு பங்கினரே வேலையைச் சரியாக முடித்தனர். சிலர் இரகசியமாக இருக்க வேண்டிய செய்தியை வெளிப்படையாகவே அனுப்பிவிட்டனர். மென்பொருளின் சங்கேதக் கணிதத்தில் எந்தக் குறையும் இல்லை.

2007ஆம் ஆண்டில் கார்ல் எலிசன் என்ற வல்லுநர், கணினிகளோடு மனிதர்களையும் நெறிமுறையின் அங்கமாகச் சேர்த்து ஆராய வேண்டும் என்று வாதிட்டார். அவ்வாறு விரிந்த நெறிமுறைக்குச் 'சடங்கு' என்ற பொருள்படும் பெயரை அவர் பயன்படுத்தினார். மனிதர் எதைப் பார்க்கிறார், எதைக் கவனிக்காமல் விடுகிறார், எதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார், எப்போது அலுத்துப்போய் 'சரி' என்ற பொத்தானை அழுத்துகிறார் என்பவையெல்லாம் வடிவமைப்புக்குள் வந்தாக வேண்டும் என்பதே அதன் பொருள்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு

டார்ம்ஸ்டாட் ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்ட முக்கியமான உதாரணம் 'ஹீலியோஸ்'. 2008ஆம் ஆண்டில் பென் அடிடா உருவாக்கிய இந்த இணைய வாக்களிப்பு முறை, பல்கலைக்கழகங்களிலும் அறிவியல் சங்கங்களிலும் உள் தேர்தல்களுக்குப் பயன்பட்டுவருகிறது. சங்கேதவியல் ஆய்வாளர்களின் சர்வதேச சங்கமே 2010ஆம் ஆண்டு முதல் தனது நிர்வாகிகளை இதன் வழியே தேர்ந்தெடுத்துவந்துள்ளது.

ஹீலியோஸில் வாக்காளர் தனது தேர்வைக் குறித்ததும், கணினி அதைச் சங்கேதமாக்கிப் பூட்டிவிட்டு, அந்தப் பூட்டிய வாக்குக்கான அடையாளமாக நீண்ட எழுத்துத் தொடர் ஒன்றைக் காட்டும். கணினி நேர்மையாகத்தான் பூட்டியதா, அல்லது வேறொருவரின் பெயரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டதா? வாக்காளர் இப்போது இரண்டில் ஒன்றைச் செய்யலாம். வாக்கைப் பெட்டியில் இடலாம். அல்லது திறந்து காட்டு என்று கணினிக்குக் கட்டளையிடலாம். திறந்து காட்டச் சொன்னால், வேறொரு நிரலைக் கொண்டு உள்ளே இருப்பது சரியா என்று சோதித்துவிடலாம்.

ஆனால் திறக்கப்பட்ட வாக்கு செல்லாது. அது இரகசியத்தை இழந்துவிட்டது. யாருக்கு வாக்களித்தோம் என்பதற்கு அதுவே ஆதாரமாகிவிடும். எனவே வாக்காளர் மீண்டும் புதிதாக ஒரு வாக்கைப் பூட்டச் சொல்ல வேண்டும். எந்த வாக்கு சோதிக்கப்படும், எந்த வாக்கு பெட்டிக்குப் போகும் என்பது முன்கூட்டித் தெரியாததால் கணினி ஏமாற்றத் துணியாது என்பதே இதன் தத்துவம். ஜோஷ் பெனலோ வகுத்த முறை இது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பதைப் போன்றதுதான். பதம் பார்த்த சோறு பந்திக்கு வருவதில்லை.

கணித ரீதியாக இது அழகான ஏற்பாடு. ஆனால் 2011ஆம் ஆண்டில் டார்ம்ஸ்டாட் குழுவினர் ஹீலியோஸின் திரைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, திருத்திய வடிவத்தைப் பயனாளர்களிடம் சோதித்தபோது வேறொரு சித்திரம் வெளிப்பட்டது. திரைகளை எளிமையாக்கினால் மக்கள் அவற்றைக் கையாளக் கற்றுக்கொண்டனர். ஆனால் எதற்காகச் சரிபார்க்க வேண்டும் என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. தாம் இடப்போகும் வாக்கைச் சோதிக்காமல், இடாத ஒரு வாக்கைச் சோதிப்பதில் என்ன பயன் என்ற குழப்பம் இயல்பாகவே எழுகிறது.

2014ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் ஹீலியோஸ் உள்ளிட்ட மூன்று சரிபார்க்கத்தக்க முறைகளை 37 பேரிடம் சோதித்தது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், 58 விழுக்காட்டு வாக்குகளே வெற்றிகரமாகப் பதிவாயின. பாதுகாப்புக்காகச் சேர்க்கப்பட்ட படிகள், வாக்களிப்பதையே தடுக்கும் படிகளாக மாறியிருந்தன.

டார்ம்ஸ்டாட் குழு ஒரு படி பின்னால் சென்றும் ஆராய்ந்தது. மைனா ஒலெம்போ, ஸ்டெஃபன் பார்ட்ஷ், ஃபோல்காமர் ஆகியோர் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, வாக்கைச் சரிபார்த்தல் என்பதைப் பற்றி மக்கள் மனதில் கொண்டுள்ள சித்திரங்களை வகைப்படுத்தியது. அதிகாரிகளை நம்புவோர், பார்வையாளர்கள் கவனித்துக்கொள்வார்கள் என்று கருதுவோர், அதைப் பற்றி அறிந்திராதோர் எனப் பல பிரிவுகள் இருந்தன. காகித முறையில் பிறர் பார்த்துக்கொண்ட வேலையை, இணைய முறை ஒவ்வொரு வாக்காளரின் தலையிலும் சுமத்துகிறது. அந்தச் சுமை தம் மீது வந்திருப்பதே பலருக்குத் தெரியாது. எத்தகைய வாசகத்தைத் திரையில் காட்டினால் மக்கள் சரிபார்க்க முன்வருவார்கள் என்பதையும் இக்குழு தனியே ஆராய்ந்தது.

கண் எதை ஒப்பிடும்?

அடுத்த சிக்கல் கண்ணைப் பற்றியது. ஹீலியோஸ் காட்டும் அடையாளத் தொடரில் 40க்கும் மேற்பட்ட எழுத்துகளும் எண்களும் பொருளின்றிக் கலந்திருக்கும். அதை எழுதிவைத்து, பின்னர் பொதுப் பட்டியலில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும். பெரும்பாலானோர் முதல் சில எழுத்துகளையும் கடைசிச் சில எழுத்துகளையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வது எளிதில் ஊகிக்கக்கூடியது. ஏமாற்ற நினைப்பவருக்கு அதுவே போதுமான இடைவெளி.

இந்தச் சங்கடம் பலரின் கைப்பேசியிலேயே இருக்கிறது. வாட்ஸ்அப் உரையாடல் ஒவ்வொன்றுக்கும் 60 இலக்கப் பாதுகாப்பு எண் ஒன்று உண்டு. இருவர் கைப்பேசியிலும் அது ஒன்றாக இருந்தால், இடையில் யாரும் ஒட்டுக்கேட்கவில்லை என்று உறுதிசெய்யலாம். டொரண்டோவில் இருக்கும் மகளும் யாழ்ப்பாணத்தில் இருக்கும் தாயும் அந்த 60 இலக்கங்களையும் ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டிச் சரிபார்ப்பார்கள் என்று எதிர்பார்ப்பது கடினம். பாதுகாப்பு இருக்கிறது, ஆனால் அதன் கடைசிக் கண்ணி மனிதரின் பொறுமையில் தொங்குகிறது.

எழுத்துத் தொடரைவிடப் படங்களை மனிதக் கண் விரைவாக ஒப்பிடும் என்பதால், அடையாளத் தொடரைப் படங்களாக மாற்றிக் காட்டும் 'ஸ்காப்' என்ற முறையை ஒலெம்போவும் டார்ம்ஸ்டாட் சகாக்களும் உருவாக்கிச் சோதித்தனர். இதில் ஒரு விலையும் உண்டு. கண் எளிதில் வேறுபடுத்தும் படங்களின் எண்ணிக்கை வரம்புக்குட்பட்டது. படம் எளிமையாக எளிமையாக, அதே தோற்றம் தரும் போலியைத் தயாரிப்பதும் எளிதாகும். கணினிக்குப் போதுமான பாதுகாப்புக்கும் கண்ணுக்குப் போதுமான எளிமைக்கும் இடையே ஓர் எல்லையைத் தேட வேண்டியிருக்கிறது.

இதே அணுகுமுறையை இக்குழு மோசடி மின்னஞ்சல்களுக்கும் பயன்படுத்தியது. வங்கியிலிருந்து வந்ததைப் போலத் தோன்றும் அஞ்சலில் உள்ள இணைப்பைச் சொடுக்குவதற்கு முன், அது உண்மையில் எந்த முகவரிக்குப் போகிறது என்பதை அதே இடத்தில் காட்டி, அறிமுகமற்ற முகவரியானால் சில நொடிகள் இணைப்பையே முடக்கிவைக்கும் 'டார்பிடோ' என்ற துணை நிரல் இங்கு உருவானது. கை சொடுக்கும் வேகத்துக்கு மனம் யோசிக்கும் வேகம் ஈடுகொடுப்பதில்லை என்பதால், மனதுக்குச் சிறிது அவகாசம் தரும் ஏற்பாடு அது.

இந்தியாவின் ஏழு நொடிகள்

மனிதரின் பார்வையைக் கருத்தில்கொண்டு தேர்தலை வடிவமைப்பதில் இந்தியாவுக்கு நீண்ட அனுபவம் உண்டு. எழுதப்படிக்கத் தெரியாதோர் பெரும்பான்மையாக இருந்த 1951-52 பொதுத்தேர்தலில், வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி வைக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் தமிழகம் முழுவதும் மின்னணு இயந்திரங்களில் வாக்களித்தது. 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் அவை பயன்பட்டன.

2010ஆம் ஆண்டில் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மன், ராப் கோங்ரைப் ஆகியோர் இந்திய இயந்திரத்தில் குறுக்கிட முடியும் என்று ஆய்வறிக்கை வெளியிட்டனர். நடைமுறைப் பாதுகாப்புகளைக் கருத்தில்கொள்ளாத ஆய்வு என்று தேர்தல் ஆணையம் அதை ஏற்க மறுத்தது. எனினும் 2013ஆம் ஆண்டு அக்டோபரில், சுப்பிரமணியன் சுவாமி தொடுத்த வழக்கில், காகிதச் சான்று தவிர்க்க முடியாத தேவை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2019 மக்களவைத் தேர்தலில் எல்லா வாக்குச்சாவடிகளிலும் 'விவிபாட்' எனப்படும் சீட்டு அச்சிடும் கருவி இணைக்கப்பட்டது. வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் ஆகியவை அச்சான சீட்டு, கண்ணாடிச் சாளரத்தின் பின்னால் 7 நொடிகள் தெரிந்து, பிறகு மூடிய பெட்டிக்குள் விழும்.

அந்த 7 நொடிகளே மனிதரைச் சார்ந்த கண்ணி. வாக்காளர் பார்க்கிறாரா? தவறாக இருந்தால் கவனிக்கிறாரா? கவனித்தால் சொல்கிறாரா? 2020ஆம் ஆண்டில் மிஷிகன் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கு பொருந்துகிறது. மாதிரி வாக்குச்சாவடி அமைத்து 241 பேரை வாக்களிக்கச் செய்து, அவர்களது அச்சிட்ட வாக்குச்சீட்டில் ஒரு தேர்வை இயந்திரமே வேண்டுமென்று மாற்றிவைத்தது. எந்த அறிவுறுத்தலும் இல்லாதபோது, சுமார் 40 விழுக்காட்டினரே சீட்டைப் பார்த்தனர், 6.6 விழுக்காட்டினரே தவறை அலுவலரிடம் கூறினர். அதே ஆய்வில், சீட்டைச் சரிபார்க்கும்படி வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு, யாருக்கு வாக்களிப்பது என்ற எழுத்துப் பட்டியலையும் கையில் கொடுத்தபோது, தவறைக் கண்டுபிடித்தோரின் விகிதம் பெருமளவு உயர்ந்தது. மாறியது இயந்திரம் அன்று, சூழல் மட்டுமே.

அமெரிக்கச் சீட்டுகளில் பல பதவிகளுக்கான தேர்வுகள் இருக்கும். இந்தியச் சீட்டில் ஒரே பெயரும் சின்னமும்தான். எனவே அந்த எண்களை அப்படியே இங்கு பொருத்திவிட முடியாது. ஆனால் இந்தியாவில் வேறொரு தடை உண்டு. சீட்டில் தவறான சின்னம் வந்ததாக ஒருவர் கூறினால், தேர்தல் நடத்தை விதி 49எம்ஏயின்படி, பொய்யானால் தண்டனைக்கு உள்ளாவேன் என்ற எச்சரிக்கையுடன் எழுத்துமூல உறுதிமொழி அளித்து, முகவர்களின் முன்னிலையில் சோதனை வாக்கு இட வேண்டும். அந்த ஒரு சோதனையில் இயந்திரம் சரியாக அச்சிட்டுவிட்டால், புகார் பொய்யாகிவிடும். வீண் புகார்களால் வாக்குப்பதிவு நின்றுவிடக் கூடாது என்ற நியாயம் இதில் இருக்கிறது. ஆயினும் 7 நொடிகள் பார்த்த ஒன்றின் மீது தண்டனை அபாயத்தை ஏற்க எத்தனை பேர் துணிவார்கள் என்பதும் நெறிமுறையின் பாதுகாப்பைத் தீர்மானிக்கும் கேள்வியே.

சீட்டுகளை எண்ணுவதைப் பொறுத்தவரை, ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் ஐந்து வாக்குச்சாவடிகளின் சீட்டுகளை எண்ண வேண்டும் என்று 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அனைத்தையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் தேதி நீதிபதிகள் சஞ்சீவ் கன்னாவும் தீபங்கர் தத்தாவும் நிராகரித்தனர். விசாரணையின்போது ஜெர்மனியின் உதாரணம் முன்வைக்கப்பட்டது. மக்கள்தொகையில் உள்ள பெரும் வேறுபாட்டை நீதிபதிகள் சுட்டிக்காட்டினர்.

ஏன் ரசீது தரக் கூடாது?

வாக்காளரிடமே ஒரு ரசீது கொடுத்துவிட்டால் என்ன என்று பலர் கேட்கக்கூடும். தமிழகத்தில் இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. 2017ஆம் ஆண்டில் சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும், 2019ஆம் ஆண்டில் வேலூர் மக்களவைத் தேர்தலும் பண விநியோகப் புகார்களையடுத்து ரத்து செய்யப்பட்டன. யாருக்கு வாக்களித்தோம் என்று காட்டும் ரசீது கையில் இருந்தால், பணம் கொடுத்தவர் அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார். வாக்காளர் தனக்குத்தானே உறுதிசெய்துகொள்ள வேண்டும். பிறருக்கு நிரூபிக்க முடியாமலும் இருக்க வேண்டும். இந்த இரட்டை நிபந்தனையே மின்னணு வாக்களிப்பை வங்கிப் பரிமாற்றத்தைவிடக் கடினமாக்குகிறது.

சுவிட்சர்லாந்து இதற்கு வேறொரு வழியை முயல்கிறது. வாக்காளருக்குத் தபாலில் ஒரு குறியீட்டுத் தாள் வரும். இணையத்தில் தேர்வு செய்ததும், திரையில் தோன்றும் சிறு குறியீடு தாளில் அந்தத் தேர்வுக்கு எதிரே உள்ள குறியீட்டுடன் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். நீண்ட தொடர் இல்லை. கணிதம் தெரிய வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டில் சுவிஸ் தபால் நிறுவனத்தின் முந்தைய முறையில் ஆய்வாளர்கள் கடுமையான குறைகளைக் கண்டதால் அது கைவிடப்பட்டது. திருத்திய முறை 2023ஆம் ஆண்டு ஜூனில் பாசல் நகரம், சென்ட் காலன், துர்காவ் ஆகிய மாநிலங்களில் வரம்புக்குட்பட்ட அளவில் மீண்டும் அறிமுகமானது. இங்கும், குறியீட்டை வாக்காளர் உண்மையிலேயே ஒப்பிட்டால்தான் பாதுகாப்பு.

ஜெர்மனி நாடாளுமன்றத் தேர்தல்களில் காகிதத்துக்கே திரும்பியது. இலங்கை காகிதத்தை விட்டு விலகவேயில்லை. காகிதச் சீட்டும் தவறுக்கும் மோசடிக்கும் அப்பாற்பட்டதல்ல. ஆனால் பெட்டி காலியாக இருந்ததையும், சீட்டுகள் கொட்டப்பட்டதையும், எண்ணப்பட்டதையும் சாவடி முகவராக அமரும் எவரும் தம் கண்ணால் பார்க்கலாம். சந்தேகம் வந்தால் உரக்கச் சொல்லலாம்.

மனிதர்கள் அலுத்துப்போவார்கள், அவசரப்படுவார்கள், அதிகாரத்துக்கு அஞ்சுவார்கள் என்பதை வடிவமைப்பின் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே டார்ம்ஸ்டாட் ஆய்வுகள் உணர்த்தும் பாடம். ஒரு வாக்கைச் சரிபார்க்கும் உரிமை சட்டத்திலும் கணிதத்திலும் இருந்தாலும், வாக்குச்சாவடியில் நிற்பவரால் அதைப் பயன்படுத்த முடியாவிட்டால், அவர் நம்பிக்கையின் பேரில்தான் வாக்களிக்கிறார். அந்த நம்பிக்கை மட்டும் போதாது என்பதைத்தான் 2009ஆம் ஆண்டில் ஜெர்மன் நீதிமன்றம் கூறியது.